மாசாணியின் பத்து விரல்

என் அண்ணன் மகள் மாசாணியம்மாளுக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஜாக்கெட் ஊக்குப் போட அவளுக்கு ஆள் வேண்டும். சோற்றைப் பிசைந்து வைத்தால் கரண்டியால் வாரிச் சாப்பிடுவாள், அந்தக் கரண்டிக் காம்பிலும் துணி சுற்றியிருக்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டு "எல்லாம் விதிங்க" என்று பெருமூச்சு விடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விதியாம், விதி! விதியா வந்து மாத்திரைப் பொட்டலம் மடித்துக் கொடுத்தது? நடந்தது எனக்குத் தெரியும். பக்கத்திலேயே இருந்து, கத்திக் கத்தித் தொண்டை வற்றியவள் நான்.

அண்ணன் காளிச்சாமிக்குக் கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெள்ளாமைக் காடு, வீட்டை ஒட்டி ஒரு தறிக் குடோன். நான் சூலூரில் ஆரம்பப் பள்ளி டீச்சர். என் வீட்டுக்காரர் ஒரு மில்லில் கணக்குப் பிள்ளை. மாசாணி எட்டாவதோடு நின்றுவிட்டாள். படிப்பு ஏறவில்லை என்றில்லை, குடோன் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஓடி முடிந்தால், பழைய பாவின் இழை ஒவ்வொன்றையும் புதுப் பாவின் இழையோடு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். பாவு பிணைப்பது என்பார்கள். அதற்கென்று ஆட்கள் வருவார்கள். அவர்களோடு உட்கார்ந்து மாசாணியும் பிணைப்பாள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் எப்படி நடப்பார்கள், எப்படி இருமுவார்கள் என்று செய்து காட்டுவாள். நான் வகுப்பில் பிரம்பை எடுப்பதைச் செய்து காட்டியதில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாய் அங்கே இருக்கும், விரல் பாட்டுக்கு இழை தப்பாமல் ஓடும்.

அவளை என் பையனுக்குக் கேட்டேன். முறைதானே. அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "வேண்டாம் அம்மணி. உங்கூட்டுக்காரருக்குக் காடு எங்கிருக்குது? சம்பளத்த நம்பிப் புள்ளையக் குடுக்க முடியுமா?" சரி, போகட்டும் என்று என் பையனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்து முடித்துவிட்டேன். எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் என்ன ஆயிற்றென்றால், அதற்குப் பிறகு மாசாணி விஷயத்தில் நான் எதைச் சொன்னாலும் அது வயிற்றெரிச்சல் என்று ஆகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஆடி மாதம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். காலையில் காபி கொடுத்தால் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடிக்கிறாள்.

"ஏங்கண்ணு, கைக்கு என்ன?"

"வெடியால எந்திரிச்சா விரலு மடங்க மாட்டீங்குதுங்கத்தை. வெயில் ஏறினா சரியாப் போயிருது. போச்சாது உடுங்க."

கையைப் பிடித்துப் பார்த்தேன். நடுக் கணுக்கள் வீங்கிச் சூடாக இருந்தன. மோதிரம் விரலிலேயே மாட்டிக்கொண்டிருந்தது, கழற்ற வரவில்லை.

அவள் அம்மா சின்னாத்தாளுக்கு உலகத்தில் உள்ள நோயெல்லாம் வாயு. உருளைக்கிழங்கை நிறுத்தினாள், தட்டைப்பயறை நிறுத்தினாள். முடக்கத்தான் தோசை, பூண்டு ரசம், பாலக்காட்டிலிருந்து வாங்கி வந்த எண்ணெய். இரண்டு மாதத்தில் முழங்கையும் முழங்காலும் பிடித்துக்கொண்டன. பாவு பிணைக்க உட்கார்ந்தவள் பாதியில் எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் அண்ணன் சென்னகிருஷ்ணன் கடைக்குப் போனான்.

சென்னகிருஷ்ணனின் மெடிக்கல் ஷாப் ஊரின் நடுவில் இருக்கிறது. காய்ச்சலுக்கு ஒரு செட்டு, உடம்பு வலிக்கு ஒரு செட்டு, வாந்தி பேதிக்கு ஒரு செட்டு. பெரிதும் சிறிதுமாக நாலைந்து மாத்திரைகளை உதிரியாகத் தாளில் மடித்துக் கொடுப்பான். பெயரை அவனும் சொல்ல மாட்டான், வாங்குகிறவர்களும் கேட்க மாட்டார்கள். மாசாணிக்குக் கொடுத்த செட்டில் பொடியாக ஒரு வெள்ளை மாத்திரை இருந்தது. இரண்டாம் நாளே வலி ஓடிப் போயிற்று. அவளே கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் சேந்தினாள். மாத்திரை தீர்ந்த மறுநாள் வலி திரும்பி வந்தது. அண்ணன் மறுபடி கடைக்குப் போனான். கொஞ்ச நாளில் மற்ற மாத்திரைகளெல்லாம் செட்டிலிருந்து கழன்றுகொண்டன, அந்த வெள்ளை மட்டும் தினமும் என்று ஆயிற்று.

இனிமேல்தான் கூத்து. மாசாணி பிறவியிலேயே ஒல்லி. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் அதைச் சொல்லியே போய்விட்டிருந்தார்கள். அந்த வெள்ளை மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஆறேழு மாதத்தில் முகம் உருண்டது. கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டன, கழுத்துக்குப் பின்னால் சதை வைத்தது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் வாய் கொள்ளவில்லை.

"ஏனம்மணி, ஒடம்பு தேறி நல்லாப் பூசினாப்புல ஆயிட்டயே! எந்தக் கடை அரிசி?"

"மொகத்துல ஒரு களை வந்துருச்சு பாருங்க. இனி கண்ணாலத்துக்கு என்ன, நீ நானுன்னு வருவாங்க."

சின்னாத்தாள் வாரம் தவறாமல் சுற்றிப் போட்டாள், கண் பட்டுவிடும் என்று. நோய் வந்து வீங்கியவளுக்குத் திருஷ்டி கழித்த கதையை எங்கே போய்ச் சொல்ல?

எனக்குச் சந்தேகம் வந்தது அவள் கையில் வளையல் போட்டபோது. பங்குனியில் கோயில் நோம்பிக்கு வாங்கி வந்த வளையலை மாட்ட மணிக்கட்டைச் சற்று அழுத்திப் பிடித்தேன். நான் பிடித்த இடம் சாயங்காலத்துக்குள் கருநீலமாகக் கன்றிப் போயிற்று. ரவிக்கையை ஒதுக்கிப் பார்த்தால் தோளிலும் வயிற்றிலும் தோல் பாளம் பாளமாகச் சிவந்திருந்தது. அண்ணனோடு ஒரு மூச்சுச் சண்டை போட்டு, இரண்டு பேரையும் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே இருந்தது ஒரு லேடி டாக்டர். மாசாணியின் ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு எங்கள் மூவரையும் உட்காரவைத்து, அவசரப்படாமல் சொன்னார்.

"நம்ம உடம்புல கொலாஜன்னு ஒரு நார் இருக்கு. தோல், குருத்தெலும்பு, எலும்பைக் கட்டி வெச்சிருக்கிற தசைநார் எல்லாத்துக்கும் அதுதான் ஆதாரம். இந்தப் பொண்ணுக்கு வந்திருக்கிறது முடக்குவாதம். மூட்டுக்குள்ள இருக்கிற சவ்வு வீங்கி, அந்த நாரையே அரிக்கிற ஒரு சரக்கைச் சுரக்குது. வெளியில இருந்து வந்த கிருமி இல்லம்மா, அவ உடம்பே அவ நாரை அறுத்துக்கிட்டு இருக்கு."

"மாத்தரை சாப்பிட்டா வலியே இல்லீங்களே," என்றான் அண்ணன்.

"வலி தெரியாது. அறுக்கிறது நிக்காது. போதாததுக்கு அந்த வெள்ளை மாத்திரை நாளாக நாளாகத் தோலையும் நாரையும் இன்னும் மெலிய வெச்சிடும். முகம் உப்பியிருக்கே, அது சதையில்லை. மருந்தோட வீக்கம்."

அவர் வேறு மாத்திரை எழுதினார். வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டும். வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பொறுக்க வேண்டும். வெள்ளை மாத்திரையைத் திடீரென்று விடாமல் அவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அடிக்கடி ரத்தப் பரிசோதனை. இந்த மருந்து சாப்பிடும்வரை கர்ப்பம் ஆகக் கூடாது, அதனால் கல்யாணத்தை ஒன்றிரண்டு வருஷம் தள்ளிப்போடுங்கள் என்றார்.

"இப்பவே ஆரம்பிச்சா விரல் பத்தையும் காப்பாத்திடலாம்," என்று கடைசியாகச் சொன்னார். இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். காது கேட்காதவன் இல்லை.

நான் ஆஸ்பத்திரியிலேயே மருந்தை வாங்கலாம் என்றேன். "இங்கெதுக்கு அம்மணி, நம்ம கிஷ்ணன் கடையிலயே வாங்கிக்கலாம், தெரிஞ்ச பையன்" என்று சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தெரிஞ்ச பையன்! அந்தத் தெரிஞ்ச பையன் சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டு, கடையில் ஐந்தாறு பேர் நிற்கும்போது கேட்டிருக்கிறான்:

"ஏனுங்க மாமா, இது கேன்சருக்குக் குடுக்கற மாத்தரையாச்சே. நம்மூட்ல ஆருக்குங்க கேன்சரு?"

நின்றவர்களில் ஒருவர், துடியலூர்ப் பக்கத்திலிருந்து மாசாணிக்கு ஒரு இடம் கொண்டுவந்திருந்த உறம்பரை, எங்கள் சொந்தக்காரர். அண்ணனுக்குத் தலை சுற்றிவிட்டது. "ஆருக்குமில்லையப்பா, டாக்டரு சீட்டு மாத்திக் குடுத்துப்போட்டாங்க போல" என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, வழக்கமான வெள்ளை மாத்திரையை வாங்கிக்கொண்டு வீடு வந்தான்.

விஷயம் தெரிந்து நான் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே ஓடினேன். புதுச் சீட்டு எழுதி வாங்கலாம், நானே கோயமுத்தூரில் மருந்தை வாங்கித் தருகிறேன், பெரிய நோய்க்குக் கொடுக்கிற மருந்தையே இதற்கும் கொஞ்சமாகக் கொடுப்பார்கள் என்று டாக்டர் சொன்னாரே என்று மன்றாடினேன்.

"ஒரு தடவ வாயில போட்டா ஊரெல்லாம் தெரிஞ்சுபோகும்," என்றான் அண்ணன். "கேன்சர் மாத்தரை திங்கற புள்ளைய எவன் கட்டுவான்? ரெண்டு வருசம் தள்ளிப்போடறதாமா! நல்ல எடம் வந்திருக்குது."

"கண்ணாலம் பண்ணிக் குடுத்துக் கையில்லாம உக்கார வெக்கப் போறீங்களாண்ணா?"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீ கேட்டு நான் குடுக்கலைங்கறது இன்னும் உனக்கு ஆறலை அம்மணி. அதுக்கோசரம் புள்ளைக்கு வர்ற எடத்தையெல்லாம் கெடுக்காத."

அவ்வளவுதான். சின்னாத்தாள் உள்ளே போய்விட்டாள். நான் மாசாணியிடம் போனேன். அவள் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அவளாவது கேட்பாள் என்று நினைத்தேன்.

"அந்த மாத்தரை வேலை செய்ய மாசக்கணக்கா ஆகுமுன்னாங்களே, அதுவரைக்கும் வலிய ஆரு தாங்கறதுங்கத்தை?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எல்லாரும் அழகா இருக்கறேன்னு சொல்றாங்க. எனக்கே பாக்கப் புடிச்சிருக்குது" என்றாள்.

இருபத்தொரு வயசுப் பெண். அவளை நான் என்ன சொல்ல?

மாப்பிள்ளை சுரேந்தருக்குத் துடியலூரில் லேத்துப் பட்டறை. தோட்டம் துரவும் உண்டு. அவன் அம்மா மாரியாத்தாள் பெண் பார்க்க வந்தபோது மாசாணியின் கன்னத்தைத் தொட்டு, "ஒல்லிப்பிச்சானாக் கூட்டியாந்தா புள்ளை குட்டி எப்படிப் பெத்து வளப்பாளோன்னு இருந்தேன். புள்ளை நெறவா இருக்கறா" என்று அங்கேயே பூ வைத்துவிட்டாள். தொண்ணூற்றிநாலு வைகாசியில் கல்யாணம். கைகோர்வைச் சீரில், கல்யாணத்தை நடத்தி வைக்கிற அருமைக்காரர் பெண் மாப்பிள்ளை இருவரின் சுண்டு விரலையும் கோர்த்து வைத்தார். மாசாணியின் விரல் கணு வீக்கம் மருதாணிச் சிவப்பில் தெரியவில்லை. அன்று விடியற்காலையில் இரண்டு மாத்திரை சேர்த்துப் போட்டிருந்தாள். சிரித்த முகமாகத்தான் இருந்தாள்.

புகுந்த வீட்டில் அது சத்து மாத்திரை. சின்னாத்தாள் சீர் முறுக்குத் தூக்கோடு மாத்திரையையும் கொண்டுபோய்க் கொடுப்பாள். மறு வருஷம் மாசாணி முழுகாமல் இருந்தாள், அந்த மாதங்களில் ஒரு அதிசயம் நடந்தது. வலி போயே போய்விட்டது. விரல்கள் மெலிந்து பழையபடி ஆயின. இந்த நோய் கர்ப்பத்தில் அடங்கியிருந்துவிட்டுப் பிறகு எழும்பும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. "பாத்தயா அம்மணி, எல்லாம் கண்ணாலம் பண்ணினாச் சரியாப் போயிரும்னு நாஞ் சொன்னனல்லோ?" என்றான் அண்ணன். நானும் நம்பினேன். சாமி கண் திறந்துவிட்டது என்று நானும் தேங்காய் உடைத்தேன்.

கனிஷ்கா பிறந்து இரண்டாம் மாதம் நோய் வந்த வேகத்தில் மாசாணியால் பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்க முடியவில்லை. படுத்தபடி கொடுத்தாள். மாத்திரை ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. பிள்ளை தவழ ஆரம்பித்தபோது, அதன் கால் கொலுசு உரசி மாசாணியின் முன்கைத் தோல் வெங்காயத் தோலாட்டம் உரிந்து வந்துவிட்டது. அது ஆற மூன்று மாதம் பிடித்தது. மாரியாத்தாள் அப்போதே கேட்டாளாம், "இதென்ன தோலு இது?" என்று. இவள் ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறாள்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் வலது கைச் சுண்டு விரல் தொங்குகிறது. வலி ஒன்றும் இல்லை. மடக்கினால் மடங்குகிறது, தூக்கினால் தூக்க முடியவில்லை. பத்து நாள் கழித்து மோதிர விரல். அப்புறம் நடு விரல். மணிக்கட்டுக்கு மேல் ஓடுகிற தசைநார் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தது. சுரேந்தர் பயந்துபோய் ஒரு கை ஆபரேஷன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். எனக்கும் சொல்லியனுப்பினான். போனேன்.

டாக்டர் கையைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டு வந்தார். "தைக்கறதுக்கு என்கிட்ட நூல் இருக்குங்க. தையலைப் பிடிச்சுக்கத் துணி இல்லை. நனைஞ்ச காகிதமாட்டம் பிய்யுது. ஒரு பக்கத்தில் இருந்து எடுத்து இன்னொரு பக்கம் ஒட்டலாம்னா எல்லாமே அப்படித்தான் இருக்கு. எத்தனை வருஷமா ஸ்டீராய்டு சாப்பிடறாங்க?"

கட்டிலில் கிடந்த மாசாணிதான் மெல்லச் சொன்னாள். "தொண்ணூத்திரெண்டுல இருந்துங்க."

"நமக்குக் கண்ணாலம் ஆனது தொண்ணூத்திநாலுல," என்றான் சுரேந்தர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்த மாதிரி சொன்னான். வெளியே போய் நின்றுகொண்டான்.

நான் அன்றைக்கே கருமத்தம்பட்டிக்குப் போய்ச் சென்னகிருஷ்ணனின் கடை வாசலில் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவன் கை கட்டிக்கொண்டு நின்றான். "நான் என்னங்கத்தை பண்ணட்டும்? வலிக்குதுன்னாங்க, வலி நிக்கறதுக்குக் குடுத்தேன். நின்னுதல்லங்க?" என்றான். அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனை அடிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

மாசாணியைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். "கொஞ்ச நாள் இருந்து வைத்தியம் பாக்கட்டும்" என்றுதான் முதலில் பேச்சு. பிள்ளை துடியலூரிலேயே இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறது, பாதியில் நிறுத்த முடியாது என்றார்கள். நான் அவளைப் பழைய லேடி டாக்டரிடம் மறுபடி கூட்டிப் போனேன். அவருக்கு எங்களை நினைவிருந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. அதே வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மீதி இருக்கிற மூட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம், போன விரல் வராது என்றார். இப்போது அந்த மாத்திரையை அண்ணனே போய் வாங்கி வருகிறான். மாசாணி ஒரு நாளும் யாரையும் குறை சொன்னதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் பள்ளிக்கூட வாசலுக்கு பஸ் ஏறிப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களில் உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் தப்பில்லை.

போன தை மாதம் துடியலூரிலிருந்து ஆள் வந்தது. பேசி முடித்துக்கொள்ளலாம், சுரேந்தருக்கு வேறு இடம் பார்க்கிறோம் என்று. அண்ணனும் நானும் மாசாணியும் போனோம். அவர்கள் பக்கத்தில் மாரியாத்தாள், சுரேந்தர், பெரியவர் ஒருவர். நகை நட்டுப் பேச்செல்லாம் சீக்கிரமே முடிந்தது, அண்ணன் எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. நோயை மறைத்துக் கட்டிக் கொடுத்தவன் எந்த வாயோடு பேசுவான்? எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, மூலையில் உட்கார்ந்திருந்த மாசாணி எழுந்தாள்.

"எனக்கு எதும் வேண்டாமுங்க. அவருக்கு வேற கண்ணாலம் பண்ணிக்குங்க. பாப்பாவ மட்டும் எங்கூட அனுப்பி உட்டுருங்க."

மாரியாத்தாள் கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவளை ஏமாற்றியது நாங்கள்தான். "நீயே இன்னொரு ஆளு கையப் பாத்துட்டு இருக்கறே சாமி," என்றாள். "புள்ளைய ஆரு பாப்பாங்க?"

"நான் பாத்துக்குவனுங்கத்தை."

"எப்படி? சும்மா வாயில சொன்னாப் போதுமா? வெடியால பள்ளிக்கூடம் போற புள்ளை. எங்க, தலை வாரிப் பின்னி உடு பாக்கலாம். பின்னிப்போட்டுக் கூட்டிட்டுப் போ. நான் குறுக்க ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "இதென்னங்க பேச்சு? பெத்தவளுக்குப் பரீச்சை வெக்கறீங்களா?" என்று எழுந்துவிட்டேன். பெரியவர் தொண்டையைக் கனைத்தார். அண்ணன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"இருங்கத்தை," என்றாள் மாசாணி. "நான் பின்றேன்."

பிள்ளையைக் கூப்பிட்டார்கள். கனிஷ்காவுக்கு அப்போது ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. சீப்பும் ரிப்பனும் எடுத்துக்கொண்டு ஓடி வந்து அம்மாவின் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. எதற்கு என்று கேட்கவில்லை. மாசாணி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் சீப்பை வைத்து வாரினாள். சீப்பு விழுந்தது. பிள்ளை குனிந்து எடுத்துக் கொடுத்தது. மறுபடி வாரினாள். முடியை மணிக்கட்டால் ஒதுக்கி மூன்று பாகமாகப் பிரித்தாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு புரி நின்றது, இன்னொன்று நழுவியது. உடனே பிள்ளை தன் கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தப் புரியைப் பிடித்துக்கொண்டது. மாசாணி ஒன்றை மாற்றிப் போட்டால், அது ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பள்ளிக்கூட வாசலில், நாங்கள் யாரும் பார்க்காத நாட்களில், அவர்கள் இரண்டு பேரும் இப்படித்தான் பின்னிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாசாணியின் நெற்றியெல்லாம் வேர்த்து விட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் என் இரண்டு கையையும் மடியில் அமுக்கி வைத்துக்கொண்டேன்.

கடைசியில் ரிப்பன். அதை அவளால் கட்ட முடியவில்லை. பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுப் பிள்ளையே ஒரு சுற்றுச் சுற்றி முடிந்துகொண்டது. பிறகு எழுந்து நின்றது.

"பாருங்க அப்பத்தா, அம்மாவே போட்டு உட்டாங்க. நல்லா இருக்குதல்லங்க?" என்று சொல்லி, எல்லோரும் பார்க்க வேண்டுமென்று ஒரு சுற்றுச் சுற்றியது.

சுற்றியதில் ரிப்பன் கழன்றது. பின்னல் கீழேயிருந்து மேலே பிரிந்துகொண்டே போயிற்று. பிள்ளை இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"இல்லீங்க, நாந்தான் ஆட்டிப்போட்டேன். அம்மா நல்லாத்தான் போட்டாங்க."

சுரேந்தர் எழுந்து பட்டறைப் பக்கம் போய்விட்டான். மாரியாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள், "வா சாமி" என்று. பிள்ளை அம்மாவைப் பார்த்தது. மாசாணி போ என்று தலையை ஆட்டினாள். அது போய் அப்பத்தாவின் முன்னால் உட்கார்ந்தது. மாரியாத்தாள் கை நடுங்காமல், மளமளவென்று வாரிப் பின்ன ஆரம்பித்தாள்.

மாசாணி கிட்டே போய் நின்று பார்த்தாள்.

"இன்னுஞ் சித்தெ இறுக்கிப் போடுங்கத்தை," என்றாள். "அவ முடி வழுவழுன்னு இருக்கும். பள்ளிக்கூடத்துல அவுந்து போச்சுன்னா, அழுதுட்டு நிப்பா."